ஒரு குரல், மூன்று ஊர்கள்



தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஒருவர் ஒலிவாங்கியின் முன் நின்று பேசுகிறார். பந்தற்காலில் கட்டிய ஒலிபெருக்கி அதை முழங்குகிறது. மேடையோரத்தில் ஓர் இளைஞர் அதே பேச்சை ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்துகொண்டிருக்கிறார். ஒலிவாங்கி ஒன்று, அதை நம்பியிருக்கும் கருவிகள் இரண்டு. கம்பியை இரண்டாகப் பிரித்து முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். முறுக்கிய பிறகு சில வேளை பேச்சு மெலிந்து போகிறது; சில வேளை 'உம்' என்றோர் இரைச்சல் புகுந்துகொள்கிறது. ஒரு குரலைக் குறையாமல் பங்கிடுவது எப்படி என்பதை மனிதன் எங்கே, எதற்காகக் கற்றான் என்று இன்று பார்ப்போம்.

அந்தக் கதை ஒரு கல்லறையில் தொடங்குகிறது.

முதல் உலகப் போரில் அமெரிக்கா 116,000க்கு மேற்பட்ட வீரர்களை இழந்தது. அவர்களில் பலருடைய உடல்களை அடையாளம் காண முடியவில்லை. அப்படிப்பட்டவர்களில் ஒருவரின் உடலைப் பிரான்சிலிருந்து கொண்டுவந்து, வாஷிங்டன் நகருக்கு அருகிலுள்ள ஆர்லிங்டன் இடுகாட்டில் எல்லார் சார்பாகவும் அடக்கம் செய்வது என்று முடிவாயிற்று. நாள், 1921 நவம்பர் 11. பெயர் தெரியாத அந்த ஒருவர் தங்கள் மகனாக இருக்கலாம் என்று எண்ண ஆயிரமாயிரம் தாய்மார்களுக்கு இடமிருந்தது. இது நமக்குப் புரியாத துயரமல்ல. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாமலே போனவர்கள் நம் தோட்டங்களிலும் உண்டு. அவர்களில் எத்தனையோ பேருக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது.

அந்தத் தாய்மார்கள் எல்லாரும் ஆர்லிங்டனுக்கு வர முடியுமா? நாட்டின் மறுகோடியில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோ ஏறத்தாழ 4,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே, அதிபர் ஹார்டிங் பேசும் பேச்சை இடுகாட்டில் கூடியவர்களும், நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் கூடியவர்களும், சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தில் கூடியவர்களும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும் என்று திட்டமிட்டார்கள். வானொலி நிலையங்கள் அப்போதுதான் முளைவிட்டிருந்தன. இந்த ஏற்பாட்டில் வானலைக்கு வேலையில்லை. பொறுப்பை ஏற்றது தொலைபேசிக் கம்பெனி. நியூயார்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் இணைக்கும் தொலைபேசிக் கம்பி 1915லேயே திறக்கப்பட்டுவிட்டது. 1921 மார்ச்சில் இதே ஹார்டிங் பதவியேற்றபோது, அங்கே திரண்ட கூட்டத்துக்காக ஒலிபெருக்கிகள் வைத்துப் பழகியும் இருந்தார்கள். அந்தக் கம்பியையும் இந்த ஒலிபெருக்கியையும் இணைப்பதே இப்போது பாக்கி.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஒலிவாங்கியிலிருந்து பிறக்கும் மின்சாரம் எவ்வளவு என்பதில்தான் சங்கடம். அது மிக மிகச் சிறியது. நம் லயத்துக் குழாயில் தண்ணீர் மெல்ல வரும்போது பக்கத்து வீட்டிலும் குழாயைத் திறந்தால் என்ன ஆகும்? இரண்டு வாளியும் நிறையாது. அதுபோல, பிறந்த மின்சாரத்தை அப்படியே பல வழிகளுக்குப் பிரித்தால் ஒவ்வொரு வழியிலும் குரல் மெலியும்.

இதற்கு வழி சொன்னது வால்வு. பழைய வால்வு ரேடியோவைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண்ணாடிக் குமிழ் நினைவிருக்கும். 1906இல் லீ டி ஃபாரெஸ்ட் என்பவர் அதற்குள் ஒரு சிறு கம்பிவலையை வைத்தார். குரலின் மின்சாரம் அந்த வலையைத் தொட்டு அசைக்கிறதே தவிர, தான் செலவாவதில்லை. உண்மையான வேலையைச் செய்வது வேறோர் இடத்திலிருந்து வரும் பெரிய மின்சாரம். பெரிய தண்ணீர்க் குழாயின் திருகைத் திறக்க ஒரு கை போதும். தண்ணீரைத் தள்ளுவது அந்தக் கையின் பலமல்ல. ஒரே கை இரண்டு திருகுகளைச் சேர்த்துத் திருப்பினாலும் இரண்டு குழாயிலும் தண்ணீர் நிறைவாகவே பாயும். ஆகவே முதலில் பெருக்க வேண்டும், அப்புறம் பிரிக்க வேண்டும். ஆர்லிங்டனில் பெருக்கப்பட்ட குரலின் ஒரு பங்கு அங்கிருந்த ஒலிபெருக்கிகளுக்குப் போயிற்று. மறுபங்கு நெடுந்தூரக் கம்பியில் ஏறிற்று. போகும் வழியில் குரல் சோர்ந்த இடங்களில் மீண்டும் வால்வுகள் அதைத் தூக்கி நிறுத்தின.

அன்று ஹார்டிங் போக்குவரத்து நெரிசலில் நெடுநேரம் சிக்கிக்கொண்டார். பொடோமாக் ஆற்றின் மேல் 1932இல் ஒரு புதிய பாலம் திறக்கப்பட்டதற்கு அந்த நெரிசலும் ஒரு காரணம். ஒருவழியாக வந்து சேர்ந்து பேசினார். வாஷிங்டனில் நண்பகல் என்றால் சான் பிரான்சிஸ்கோவில் காலை 9 மணி. கிழக்கே உச்சிவெயிலில் நின்றவர்களும் மேற்கே காலைப்பொழுதில் கூடியவர்களும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் கேட்டார்கள். பேச்சின் முடிவில் அவர் ஒரு பிரார்த்தனையைச் சொல்ல, கூட்டமும் சேர்ந்து சொன்னது. மூன்று ஊர்களிலும் கேட்டவர்கள் சுமார் 150,000 பேர் என்பது அக்காலக் கணக்கு. அதே குரல் காற்றில் நடந்தே சான் பிரான்சிஸ்கோ போவதாக வைத்துக்கொண்டால், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

முன்னே சொன்ன 'உம்' இரைச்சல் இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்கு மருந்து மைக்கேல் பாரடே 1831இல் லண்டனில் கண்டறிந்தது. ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைத் தனித்தனியே சுற்றினார். ஒன்றில் மின்சாரம் மாறும்போது, தொடாமலே மற்றதிலும் மின்சாரம் எழுந்தது. இதுவே மின்மாற்றியின் மூலம். ஒலிபெருக்கிக்கு ஓர் இடத்திலிருந்தும் பதிவுக் கருவிக்கு வேறோர் இடத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கிறோம். ஒலிக்கம்பி இரண்டையும் சேர்த்துவிடுகிறது. வேண்டாத மின்சாரம் அந்தக் கம்பி வழியே சுற்றி வந்து இரைகிறது. நடுவே மின்மாற்றி இருந்தால் குரல் மட்டும் தாண்டும். சுற்றி வரும் மின்சாரத்துக்குப் பாதை அறுந்துவிடும். ஒலிவாங்கியைப் பங்கிடும் சிறு பெட்டிகளுக்குள் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

ஒரு சிறு எச்சரிக்கை. சிலவகை ஒலிவாங்கிகளுக்குக் குரல் வரும் கம்பியிலேயே 48 வோல்ட் மின்சாரம் அனுப்ப வேண்டும். 1966இல் நார்வே வானொலிக்காக ஜெர்மனியின் நாய்மான் கம்பெனி ஒலிவாங்கி செய்து கொடுத்தபோது, அவசர விளக்குகளுக்காக அங்கே ஏற்கெனவே 48 வோல்ட் இருந்தது. அந்த எண்ணே உலகெங்கும் நிலைத்துவிட்டது. இந்த மின்சாரம் மின்மாற்றியைத் தாண்டாது. ஆகவே அதைக் கொடுக்கும் கருவியைப் பெட்டியின் நேர்வழியிலும், மற்றதை மின்மாற்றி வழியிலும் இணைக்க வேண்டும்.

வழி தெரிந்த பிறகும் பங்கிட மனமில்லாதவர்களும் உண்டு. 1930களில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசிய படங்களைப் பாருங்கள். மேசையில் ஒலிவாங்கிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வானொலிக் கம்பெனியின் எழுத்துகள் தெரியும். ஒன்றே போதாதா என்றால், போதும். ஆனால் படத்தில் தங்கள் பெயர் விழ வேண்டாமா?

நம் நாட்டுக்கும் அப்படியொரு நாள் வந்தது. 1957 ஆகஸ்ட் 31, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தார். அரங்கில் திரண்டவர்கள் ஒலிபெருக்கியில் கேட்டார்கள். வர முடியாதவர்களுக்கு மலாயா வானொலி கொண்டு சென்றது. ஒலி காற்றில் ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். வானலையோ ஒளியின் வேகத்தில் பாய்கிறது. ஒலிபெருக்கிக்கு நூறு மீட்டர் தள்ளி நின்றவரின் காதில் அந்தச் சொல் விழுவதற்குள், கெடாவின் ஒரு தோட்டத்தில் வானொலிப் பெட்டியின் அருகே உட்கார்ந்திருந்தவர் அதைக் கேட்டு முடித்திருப்பார்.