பயணியா, பங்கேற்பாளரா?

காசு கொடுத்து பஸ்ஸில் ஏறினால் நாம் பயணி. பஸ் கவிழ்ந்தால் நஷ்ட ஈடு கேட்டு கேஸ் போடலாம். ஆனால் காசு கொடுத்து ராக்கெட்டில் ஏறுகிறவரை அமெரிக்கச் சட்டம் 'பயணி' என்று சொல்வதே இல்லை. 'விண்வெளிப் பயணப் பங்கேற்பாளர்' என்கிறது. ஒரு வார்த்தைதானே என்று விட்டுவிடாதீர்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

முதலில் போனவர் டென்னிஸ் டிட்டோ. 2001 ஏப்ரலில், 60 வயதில், ரஷ்யாவின் சோயுஸில் போனார். சுமார் 2 கோடி டாலர் கொடுத்தார் என்பார்கள். நாசாவுக்கு இதில் இஷ்டமே இல்லை. விண்வெளி நிலையத்தில் எதையாவது உடைத்தால் பணம் கட்டுகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள் :-)

ரஷ்யாவில் காசு மட்டும் போதாது, டாக்டர்களும் தலையாட்ட வேண்டும். 2006ல் ஜப்பானியத் தொழிலதிபர் டைசுகே எனோமோட்டோவை உடல்நிலை காரணமாகக் கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். அந்த சீட்டில் அனுஷே அன்சாரி போனார். எனோமோட்டோ பணத்தைத் திருப்பிக் கேட்டு 2008ல் கோர்ட்டுக்குப் போனார்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 2004ல் 'ஸ்பேஸ்ஷிப்ஒன்' என்ற தனியார் விமானம் 100 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டி 1 கோடி டாலர் பரிசு வாங்கியது. அதே டிசம்பரில் சட்டம் வந்தது. கீழே இருக்கும் மக்களைக் காப்பாற்ற அரசு விதி போடலாம். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்காக, பெரிய விபத்தோ மயிரிழையில் தப்பிய சம்பவமோ நடந்தால் ஒழிய, 8 வருடம் விதி போடக்கூடாது. கம்பெனி ஆபத்துகளை எழுத்தில் சொல்ல வேண்டும், 'இந்த வண்டி பாதுகாப்பானது என்று அரசு சான்று தரவில்லை' என்பதையும் சொல்ல வேண்டும், பங்கேற்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். 2006ல் வந்த விதிகளில் பைலட்டுக்கு மருத்துவச் சான்று கட்டாயம், பங்கேற்பாளருக்கு அதுவும் இல்லை.

இதில் நல்லதும் நடந்தது, மறுக்க முடியாது. 2021ல் காலில் செயற்கை எலும்பு வைத்த ஹேலி ஆர்சினோ மூன்று நாள் பூமியைச் சுற்றினார். 90 வயது வில்லியம் ஷாட்னர் பத்து நிமிடம் போய்வந்தார்.

ஆனால் பி.காம் படிக்கிற நமக்கு 'சுதந்திரமான சம்மதம்' என்பது ஒப்பந்தச் சட்டத்தில் மனப்பாடம். தெரியாத ஒன்றுக்கு எப்படிச் சம்மதிப்பது? எடையற்ற நிலையில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை எலும்பு கரைகிறது என்ற கணக்கு, சலித்தெடுத்த ஆரோக்கியமான வீரர்களிடம் எடுத்தது. இதய நோயுள்ள கோடீஸ்வரருக்கு என்ன ஆகும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

உடம்பை விடுங்கள், வண்டியே அப்படித்தான். 2014 அக்டோபர் 31 அன்று ஸ்பேஸ்ஷிப்டூ சோதனை ஓட்டத்தில் உடைந்தது. துணை பைலட் வால் பகுதியின் பூட்டைச் சில விநாடிகள் முன்னதாகத் திறந்துவிட்டார், உயிரும் போனது. ஒரே ஒரு மனிதத் தவறு இவ்வளவு பெரிய விபத்தாகும் என்று தயாரித்த கம்பெனி யோசிக்கவில்லை என்றது விசாரணை அறிக்கை. அவர்கள் சம்பளம் வாங்கிய சோதனை பைலட்டுகள், பங்கேற்பாளர்கள் அல்ல. ஆனால் கம்பெனியே யோசிக்காத ஆபத்து, பங்கேற்பாளர் கையெழுத்துப் போடும் பேப்பரில் மட்டும் எப்படி வரும்?

அந்த 8 வருடம் 2012ல் முடிந்திருக்க வேண்டும். 2015க்குத் தள்ளினார்கள். பிறகு 2023க்கு. அப்புறம் மாதக்கணக்கில் சின்னச் சின்ன நீட்டிப்புகள். 2024ல் போட்ட சட்டம் 2028 ஜனவரி 1 வரை தள்ளியிருக்கிறது. கற்றுக்கொள்ளும் காலம் என்று இதற்குப் பெயர்.