புளூகில்: பிறந்த நீரில் நல்ல மீன், போன இடத்தில் தொல்லை

அமெரிக்காவில் தூண்டில் போடப் பழகும் சிறுவர்களிடம் எளிதில் சிக்கும் மீன்களில் ஒன்று புளூகில். சூரியமீன் குடும்பத்தைச் சேர்ந்த நன்னீர் மீன் இது. ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே, கனடாவின் தென்பகுதி முதல் மெக்சிகோவின் வடபகுதி வரை, ஏரிகளிலும் குளங்களிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் வாழ்கிறது. இல்லினாய் மாநிலத்தின் மாநில மீனும் இதுவே.

தோற்றம்

உடல் உயரமாகவும் தட்டையாகவும் இருக்கும். செவுள் மூடியில் நீலச் சாயல் தெரிவதால்தான் இந்தப் பெயர். மூடியின் ஓரத்தில் கறுப்பு மடல் ஒன்றும் உண்டு. பெரும்பாலும் 15 முதல் 20 செ.மீ. வரை வளரும். 1950-இல் அலபாமாவில் பிடிபட்ட ஒரு புளூகில் 2 கிலோவுக்கு மேல் எடை இருந்தது.

உணவும் பகைவரும்

வாய் சிறியது. அதனால் பூச்சிகள், அவற்றின் புழுக்கள், நுண்ணிய நீர் உயிரிகள், நத்தைகள், பிற மீன்களின் முட்டைகள், குஞ்சுகள் ஆகியவற்றைத் தின்னும். இதைத் தின்பதில் முக்கியமானது 'பாஸ்' என்னும் பெரிய மீன். அதற்குப் பயந்து சிறிய புளூகில்கள் நீர்ச்செடிகளுக்குள் ஒளிந்து வாழ்கின்றன. பண்ணைக் குளங்களில் இவ்விரண்டையும் சேர்த்தே விடுவார்கள். பாஸ் இல்லாவிட்டால் புளூகில் அளவுக்கு மீறிப் பெருகும். இரை போதாமல் எல்லாமே குட்டையாக நின்றுவிடும்.

காவல் காக்கும் தந்தை

கோடை நெருங்கி நீர் சூடேறியதும் ஆண்மீன்கள் கரையோர ஆழமற்ற பகுதிக்கு வருகின்றன. வாலால் மணலையும் சரளையையும் விலக்கி, வட்டக் குழிகளைப் பக்கம் பக்கமாக அமைக்கின்றன. பெண்மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன்பின் எல்லாப் பொறுப்பும் தந்தைக்குத்தான். துடுப்புகளால் விசிறி முட்டைகளுக்குப் புதிய நீர் கிடைக்கச் செய்யும். நெருங்கும் மீன்களைத் துரத்தும். அந்நாட்களில் அது இரை தேடிப் போவதும் அரிது. குஞ்சுகள் நீந்திப் பிரியும் வரை இந்தக் காவல் தொடரும்.

ஜப்பானுக்குப் போன கதை

1960-இல் ஜப்பானின் அன்றைய பட்டத்து இளவரசர் அகிஹிட்டோ அமெரிக்கா சென்றபோது, சிகாகோ மேயர் புளூகில் மீன்களைப் பரிசளித்தார். மீன் ஆய்வில் ஆர்வம் கொண்ட இளவரசர் அவற்றை நாட்டின் மீன்வள ஆய்வு நிலையத்துக்குக் கொடுத்தார். உணவுக்காக வளர்ப்பதே நோக்கம். ஆனால் அவை நீர்நிலைகளுக்குள் பரவி, நாட்டின் மிகப்பெரிய ஏரியான பிவாவையும் அடைந்தன. அங்குள்ள மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று பெருகின. தன் குஞ்சுகளைக் கண்ணும் கருத்துமாகக் காக்கும் அதே குணம்தான், பிறர் குஞ்சுகளைத் தின்னும் இந்த மீன் அங்கே வேரூன்றவும் உதவியது.

2005-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஜப்பானில் அனுமதியின்றிப் புளூகில் வளர்ப்பதும், உயிரோடு எடுத்துச் செல்வதும், நீரில் விடுவதும் குற்றம். 2007-இல், பேரரசராக இருந்த அகிஹிட்டோ, தாம் கொண்டுவந்த மீனால் நேர்ந்த பாதிப்பை எண்ணி மனம் வருந்துவதாகப் பொது மேடையிலேயே சொன்னார். ஆனால் பெரிய ஏரி முழுவதும் பரவிய மீனை இனி முற்றாகப் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

மீன் தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை. இடம் மாற்றியது மனிதர்கள். நல்ல எண்ணம் மட்டும் அங்கே போதவில்லை. வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் வெளிநாட்டு மீன்களைப் பராமரிக்க முடியாமல் போனால், "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று பிள்ளைகள் குளத்திலோ ஆற்றிலோ விடப் பார்ப்பார்கள். அப்படி விடாமல், வாங்கிய கடையிலோ வளர்க்க விரும்புகிறவரிடமோ கொடுத்துவிடச் சொல்லுங்கள்.