ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்பது 1961 முதல் 1970களின் தொடக்கம் வரை சென்னையை அடுத்த வண்டலூர் அருகே தயாரிக்கப்பட்ட சிறு மகிழுந்து ஆகும். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர், பம்பாயில் தயாரான ஃபியட் 1100 ஆகியவற்றுடன், அக்காலத்து இந்தியர் வாங்கக்கூடியதாக இருந்த மிகச் சில மகிழுந்துகளுள் இதுவும் ஒன்று. இம்மூன்றில் சென்னையில் உருவானது இது மட்டுமே.

வரலாறு

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரைச் சேர்ந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனமும் சென்னையின் யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) நிறுவனமும் இணைந்து, 1948இல் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. முதலில் ஸ்டாண்டர்ட் வேன்கார்டும், பின்னர் ஸ்டாண்டர்ட் டென் வண்டியும் இங்கு தயாராயின.

1953இல் நடுவண் அரசு, உதிரிப்பாகங்களை இறக்குமதி செய்து பொருத்துவதோடு நில்லாமல் படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் உடைய நிறுவனங்களுக்கே இடமளிப்பது என முடிவு செய்தது. இதனால் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகியவை இந்தியாவை விட்டு வெளியேறின. சென்னை நிறுவனம் உள்நாட்டு உற்பத்தியை ஏற்றுத் தொடர்ந்தது.

வடிவமைப்பு

இதன் மூலவடிவம் 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்ட் ஆகும். அதன் தோற்றத்தை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலோட்டி. ஸ்டாண்டர்டுக்கு உடற்கூடு செய்து தந்த நிறுவனத்தைப் போட்டி நிறுவனமொன்று 1953இல் வாங்கிவிட்டது. ஆகவே முழு உடற்கூட்டையும் ஒரே இடத்தில் செய்ய இயலாமல், தனித்தனித் துண்டுகளாகச் செய்து, ஒரு தனி அடிச்சட்டத்தின் மீது திருகாணிகளால் பொருத்தும் முறை கையாளப்பட்டது.

இங்கிலாந்தில் நெருக்கடியால் பிறந்த இம்முறை இந்தியாவிற்குப் பொருத்தமாக அமைந்தது. துண்டுகளாக வருவதைப் பொருத்துவதும், அவற்றை ஒவ்வொன்றாக உள்நாட்டில் செய்யத் தொடங்குவதும் எளிதாயின. அடிச்சட்டமே சுமையைத் தாங்கியதால் உடற்கூட்டை மாற்றுவதும் கடினமாக இல்லை. டிரையம்பில் இல்லாத நான்கு கதவு வடிவம் சென்னையில் உருவானது.

எந்திரம் 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கொண்டது. முன்சக்கரங்கள் மிகுதியாகத் திரும்பக்கூடியவை, ஏறத்தாழ 7.6 மீட்டர் விட்டமுள்ள வட்டத்திற்குள் வண்டியைத் திருப்பிவிடலாம். முன்மூடி சக்கரக் காப்புகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாயும் என்பதால், பழுது பார்ப்பவர் எந்திரத்தை இருபுறமும் எளிதில் அணுக முடிந்தது.

பின்சக்கர அமைப்பு

பின்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராது இயங்கின. இரு பக்கத்து அரை அச்சுகளும் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியில் கீல் போல அசைந்தன. சக்கரம் மேலே எழும்போது அதன் சாய்வும் மாறும். ஆட்களும் சாமான்களும் நிறைந்த வண்டியில் பின்சக்கரங்களின் அடிப்பகுதி வெளிப்புறமாக விரிவதால், டயரின் உட்புற ஓரம் விரைவில் தேயும். வளைவில் வேகமாகத் திரும்பும்போதோ வெளிப்புறச் சக்கரம் உள்நோக்கி மடங்கிப் பிடிப்பை இழக்க வாய்ப்புண்டு. சுமை மிகுந்த பயணமும் கரடுமுரடான சாலையும் வழக்கமான நாட்டில் இது குறையாகவே இருந்தது.

ஹெரால்டை அடுத்து வந்த ஸ்டாண்டர்ட் கேசல் மகிழுந்தில் இவ்வமைப்பு கைவிடப்பட்டு, ஒரே தண்டான பின்னச்சு பொருத்தப்பட்டது. எந்திரம் மாறவில்லை. குறைந்த எண்ணிக்கையிலேயே தயாரிக்கப்பட்ட கேசல் 1977இல் நிறுத்தப்பட்டது.

பிற்காலம்

இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் என்னும் வணிகப்பெயர் 1963இல் மறைந்தது. சென்னையில் அது மேலும் 25 ஆண்டுகள் நீடித்தது. 1985இல் ரோவர் வண்டியின் உடற்கூட்டுடன் ஸ்டாண்டர்ட் 2000 வெளிவந்தது. ஆனால் அதன் எந்திரம் பழைய வேன்கார்டின் எந்திரத்திலிருந்து வந்தது. புதிய எந்திரத்துடன் 1983இல் வந்திருந்த மாருதி 800 சந்தையைப் பிடித்துவிட்ட நிலையில், 1988இல் உற்பத்தி நின்றது.

சுமார் பத்து ஆண்டுகளுக்குப் பின்னரே சென்னைப் பகுதியில் மகிழுந்து உற்பத்தி மீண்டும் தழைத்தது. பெங்களூர் நெடுஞ்சாலையில் திருமழிசையைக் கடந்து வரும் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது.