மின்னஞ்சல் இணைப்பு திறக்காதபோது: ஒரு பழுதின் வரலாறு

மின்னஞ்சலில் வந்த இணைப்பைச் சொடுக்கியதும் உலாவி திறந்து உரிய பக்கத்தைக் காட்ட வேண்டும். சொடுக்கியும் ஒன்றும் நடக்காமல் இருப்பது, புரியாத பிழைச் செய்தி வருவது, எதிர்பாராத வேறோர் உலாவி திறப்பது ஆகிய மூன்றும் இணையத்தோடு கூடவே வந்த பழைய தொல்லைகள். மின்னஞ்சல் நிரல் நன்றாக ஓடும். உலாவியைத் தனியாகத் திறந்தால் அதுவும் ஓடும். பெரும்பாலும் கோளாறு இரண்டுக்கும் நடுவில், இயங்குதளம் வைத்திருக்கும் ஒரு குறிப்பில் இருக்கும். முப்பது ஆண்டுகளில் அந்தக் குறிப்பு பலமுறை இடம் மாறியது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதே இந்தப் பழுதைத் தீர்க்கும் தொழிலின் சாரமாக இருந்துவந்தது.

ஆலங்குடி போன்ற ஊர்களில் இந்தத் தொழிலுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆலங்குடி, புதுக்கோட்டைக்குக் கிழக்கே உள்ள ஊர். கீரமங்கலம், வடகாடு பக்கத்துப் பூந்தோட்டங்களையும் பலா மரங்களையும் நம்பி வாழும் இந்த வட்டாரத்திலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குப் போனவர்கள் பலர். விசா நகல், விமானச் சீட்டு, நேர்முகத் தேர்வு அழைப்பு எல்லாம் மின்னஞ்சலுக்கு மாறியபோது, திறக்காத ஓர் இணைப்பு ஒரு குடும்பத்தின் பயணத்தையே தள்ளிப்போடக்கூடியதாயிற்று.

எழுத்து மட்டும் தெரிந்த திரை

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தொடக்கத்தில் சென்னை உள்ளிட்ட சில பெருநகரங்களுக்கே அது கிடைத்தது. குறைந்த கட்டணத்தில் கிடைத்த ‘ஷெல்’ கணக்குகளில் படம் வராது. கருந்திரையில் எழுத்து மட்டும் ஓடும். அஞ்சல் படிக்க வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பைன் நிரலும், இணையப் பக்கம் படிக்க கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் லிங்க்ஸ் உலாவியும் அந்தக் காலத்துக் கருவிகள்.

இணைய முகவரியின் வடிவம் முறைப்படி வரையறுக்கப்பட்டது 1994 டிசம்பரில்தான். அதனால் அஞ்சலில் வரும் முகவரியைத் தாளில் எழுதிக்கொண்டு உலாவியில் மறுபடி தட்டுவதே வழக்கமாக இருந்தது. பின்னர் வந்த பைன் பதிப்புகள் அஞ்சலுக்குள் உள்ள முகவரியை அடையாளம் கண்டு, அமைப்புப் பட்டியலில் குறித்த உலாவியை அழைத்தன. அந்த இடம் காலியாக இருந்தாலோ, உலாவி இருக்கும் கோப்புறையைத் தவறாக எழுதியிருந்தாலோ இணைப்பு திறக்காது. உலாவியின் பெயரை எங்கோ ஓரிடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்ற ஏற்பாடும், அங்கே எழுதியது பிழையானால் வரும் பழுதும் அப்போதே தொடங்கிவிட்டன.

இன்னொரு காரணமும் அந்தக் காலத்தது. மின்னஞ்சல் வரி 78 எழுத்துக்குள் இருப்பது நல்லது என்பது மரபு. நீண்ட முகவரி வரியின் முடிவில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும். சொடுக்கினால் முதல் பாதி மட்டும் உலாவிக்குப் போய், பக்கம் இல்லை என்ற பதில் வரும். உடைந்த இரண்டு துண்டுகளையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி உலாவியில் இடுவதுதான் தீர்வு.

ரெஜிஸ்ட்ரியும் பட்டாவும்

1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களும் இணையச் சேவை தரலாம் என்றானது. 2000 அக்டோபர் 1 அன்று பிஎஸ்என்எல் செயல்படத் தொடங்கி, அதன் சஞ்சார்நெட் தொலைபேசி வழி இணைப்பு மாவட்ட ஊர்களுக்கும் வந்தது. பிரவுசிங் சென்டர்கள் பெருகின. அங்கே வருபவர்கள் பெரும்பாலும் ஹாட்மெயில், யாகூ, ரெடிஃப்மெயில் கணக்குகளை உலாவியிலேயே திறந்தார்கள். அவர்களுக்கு இந்தப் பழுது அரிது. அஞ்சலும் பக்கமும் ஒரே உலாவிக்குள் இருந்தன. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற அஞ்சல் நிரலை வைத்திருந்த அலுவலகங்கள், அச்சகங்கள், பயண முகவர்களின் கணினிகளில்தான் அது அடிக்கடி தலைகாட்டியது.

தொலைபேசிக் கட்டணம் நேரக் கணக்கில் ஏறியதால், அஞ்சல்களை இறக்கிக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிட்டுப் படிப்பது அக்கால வழக்கம். அப்போது இணைப்பைச் சொடுக்கினால் பக்கம் வராது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ‘ஆஃப்லைன்’ நிலைக்குப் போயிருந்தால், மறுபடி டயல் செய்த பிறகும் வராது. ஃபைல் பட்டியில் அந்தக் குறியை எடுத்துவிட்டாலே போதும். பழுது பார்ப்பவர் முதலில் கேட்ட கேள்வி, லைன் இருக்கிறதா என்பதுதான்.

லைன் இருந்தும் திறக்காவிட்டால் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியைப் பார்க்க வேண்டும். எச்டிடிபி என்று தொடங்கும் முகவரியை எந்த நிரலிடம் ஒப்படைப்பது என்பது அங்கேதான் எழுதியிருக்கும். மின்னஞ்சல் நிரல் நேரடியாக உலாவியைக் கூப்பிடுவதில்லை. முகவரியை விண்டோஸிடம் கொடுக்கிறது, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியைப் பார்த்து உரிய உலாவியை எழுப்புகிறது. நிலத்தைக் கிரயம் செய்து, வேலியும் போட்டு, பட்டாவை மட்டும் பழைய உரிமையாளர் பெயரிலேயே விட்டுவைப்பது போன்றதுதான் புது உலாவியை நிறுவிவிட்டு இந்தப் பதிவை மாற்றாமல் விடுவது. பழைய உலாவியை நீக்கிவிட்டால், பதிவில் பெயர் இருக்கும், ஆள் இருக்காது.

விண்டோஸ் எக்ஸ்பியில் இதைச் சரிசெய்யும் வழி நீளமானது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் பெட்டியில் ஃபைல் டைப்ஸ் பகுதிக்குப் போக வேண்டும். பட்டியலில் ‘யூஆர்எல்: ஹைப்பர்டெக்ஸ்ட் டிரான்ஸ்ஃபர் புரோட்டோகால்’ என்ற வரியைத் தேர்ந்து, அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்தி, ‘ஓபன்’ செயலைத் திருத்த வேண்டும். அங்கே உலாவி இருக்கும் இடமும், அதன் கீழே டிடிஇ என்ற வசதிக்கான குறியும் இருக்கும். டிடிஇ என்பது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குச் செய்தி அனுப்பும் பழைய முறை. உலாவி அதற்கு உரிய நேரத்தில் பதில் தராவிட்டால், பக்கம் திறந்த பிறகும் ‘விண்டோஸால் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற பெட்டி வரும். ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்தியவர்களுக்கு இது நன்கு பழகிய தொல்லை. டிடிஇ குறியை எடுத்துவிட்டதும் பெட்டி நின்றது. எக்ஸ்புளோரரின் உள்கோப்புகள் பதிவிலிருந்து விலகியிருந்தால், ரன் பெட்டியில் ரெக்எஸ்விஆர்32 கட்டளையைத் தட்டி யூஆர்எல்மான் கோப்பை மறுபடி பதிவுசெய்வார்கள்.

எழுத்துருவுக்காக ஓர் உலாவி

எந்த உலாவி திறக்கிறது என்பது தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு காரணத்தாலும் முக்கியமாக இருந்தது. யுனிகோடு பரவுவதற்கு முன் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு குறியாக்கத்தில் இயங்கின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரமாக ஏற்கப்பட்டன. டிஸ்கி என்ற குறியாக்கமும் புழக்கத்தில் இருந்தது. எழுத்துருவை வாசகர் தனியாக நிறுவாமல் பக்கத்தோடு அனுப்பும் உத்தியும் வந்தது. அதற்கு நெட்ஸ்கேப் ஒருவகைக் கோப்பையும் எக்ஸ்புளோரர் வேறுவகைக் கோப்பையும் எதிர்பார்த்தன. எக்ஸ்புளோரருக்கு மட்டும் எழுத்துரு வைத்திருந்த தளத்தின் இணைப்பு வேறு உலாவியில் திறந்தால், தமிழுக்குப் பதில் குறியீட்டுக் குப்பைதான் தெரியும். பழுது இல்லாத கணினியும் பழுதானதுபோலத் தோன்றும்.

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி தமிழ் யுனிகோடைத் தாங்கியது. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழ்நாடு அரசும் யுனிகோடைத் தரமாக அறிவித்தது. அதன்பின் எழுத்துருவுக்காக உலாவியை மாற்றும் தேவை மெல்ல மறைந்தது.

பிரிந்த நிரல்கள், இலவச மடிக்கணினிகள்

1997-இல் வந்த நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டரில் அஞ்சலும் உலாவியும் ஒரே தொகுப்பு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக இயங்குதளத்தின் தயவு தேவைப்படவில்லை. அதன் வழிவந்த மொசில்லா, பெரிய தொகுப்பை இரண்டாகப் பிரித்தது. ஃபயர்ஃபாக்ஸ் முதல் பதிப்பு 2004 நவம்பர் 9 அன்றும், தண்டர்பேர்டு அஞ்சல் நிரலின் முதல் பதிப்பு அதே ஆண்டு டிசம்பர் 7 அன்றும் வெளிவந்தன. இரண்டும் இலகுவாயின, இடையிலிருந்த நேர்த்தொடர்பு போயிற்று.

லினக்ஸில் இதன் விளைவு கடுமையாக இருந்தது. விண்டோஸுக்கு இருந்ததுபோல் பொதுவான ஒரே பதிவேடு அங்கே இல்லை. க்னோம் திரைச்சூழல் ஓரிடத்திலும் கேடிஇ வேறிடத்திலும் குறித்துவைத்தன. தொடக்கத் தண்டர்பேர்டு பயனர்கள் நிரலின் அமைப்புக் கோப்பைத் திறந்து, எச்டிடிபி முகவரிக்கு எந்த உலாவி என்று தாங்களே வரி எழுத வேண்டியிருந்தது. 2006-இல் வந்த எக்ஸ்டிஜி கருவித்தொகுப்பு இதற்குப் பொதுவழி தந்தது. நிரல்கள் முகவரியை எக்ஸ்டிஜி-ஓபன் கட்டளையிடம் கொடுத்துவிட்டால், எந்தத் திரைச்சூழல் என்பதை அது பார்த்துக்கொள்ளும். அந்தக் கட்டளையை முனையத்தில் நேரடியாகத் தட்டிப்பார்ப்பது நல்ல சோதனையாகவும் ஆனது. அங்கே பக்கம் திறந்தால் கோளாறு மின்னஞ்சல் நிரலில்; திறக்காவிட்டால் இயங்குதளத்தின் பதிவில்.

தமிழ்நாட்டில் லினக்ஸ் கணினிப் பிரியர்களோடு நின்றுவிடவில்லை. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்ந்து மாணவர் கைக்கு வந்தது. அதுவரை பிரவுசிங் சென்டரில் மட்டும் கணினியைத் தொட்டவர்கள் வீட்டிலேயே இரண்டு இயங்குதளங்களைப் பார்த்தார்கள். ஒரே கணினியில் ஒருபக்கம் திறக்கும் இணைப்பு மறுபக்கம் திறக்காமல் போனதிலிருந்து, பழுது கருவியில் இல்லை, அமைப்பில் இருக்கிறது என்பது கண்கூடாயிற்று.

தவறான காரணம் சொன்ன பிழைச் செய்தி

கூகுளின் குரோம் உலாவி 2008 செப்டம்பரில் வந்தது. அதை நிறுவிப் பார்த்துவிட்டு நீக்கியவர்களின் அவுட்லுக்கில் ஒரு செய்தி வந்தது: இந்தக் கணினியில் உள்ள கட்டுப்பாடுகளால் இச்செயல் ரத்து செய்யப்பட்டது, நிர்வாகியை அணுகவும். உண்மையில் கட்டுப்பாடு எதுவும் இல்லை. குரோம் போன பிறகும் ரெஜிஸ்ட்ரியில் எச்டிஎம்எல் கோப்புகளின் உரிமையாளராக அதன் பெயரே நின்றது. அதை அழித்துப் பழைய ‘எச்டிஎம்எல்ஃபைல்’ என்ற மதிப்பை எழுதியதும் இணைப்புகள் திறந்தன.

அந்தச் செய்தி பலரைத் திசைதிருப்பியதில் வியப்பில்லை. பிரவுசிங் சென்டர் கணினிகளில் பூட்டு நிரல்கள் போடுவது வழக்கம். கட்டுப்பாடு என்ற சொல்லைக் கண்டதும் அந்தப் பூட்டுகளை நீக்கிப் பார்ப்பதிலேயே நேரம் போகும்.

ரெஜிஸ்ட்ரியை யாரும் எழுதலாம் என்பதைத் தீய நிரல்களும் பயன்படுத்தின. கேட்காமலே, இணைப்புகளைத் திறக்கும் இயல்பு உலாவியாகத் தங்களை ஆக்கிக்கொண்டன. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், பயனரின் தேர்வு ஒரு சரிபார்ப்பு முத்திரையோடு பதிவானது. முத்திரை பொருந்தாத மாற்றத்தை விண்டோஸ் ஒதுக்கிவிடும். கையால் ரெஜிஸ்ட்ரியைத் திருத்திய பழைய வித்தை இந்த இடத்தில் செல்லாமல் போய், செட்டிங்ஸ் பகுதியில் உலாவியைத் தேர்வதே நேர்வழி ஆயிற்று.

கைபேசியும் இன்றைய முறையும்

கைபேசியில் அஞ்சல் படிக்கத் தொடங்கியதும் பழுதின் இடம் மறுபடி மாறியது. ஆண்ட்ராய்டில் அஞ்சல் செயலி, இணைப்பைத் தனக்குள்ளேயே ஒரு சிறு உலாவித் திரையில் காட்டக்கூடும். வங்கித் தளமோ அரசுத் தளமோ அந்தத் திரையில் சரியாக வராவிட்டால், மூன்று புள்ளிப் பட்டியைத் தொட்டு முழு உலாவிக்கு மாற்ற வேண்டும். ஐபோனில் இயல்பு உலாவியை மாற்றும் வசதியே 2020 செப்டம்பரில்தான் வந்தது. 2023-இல் மைக்ரோசாஃப்ட், அவுட்லுக்கின் இணைப்புகளை இயல்பு உலாவி எதுவானாலும் தன் எட்ஜ் உலாவியில் திறக்கும்படி மாற்றத் தொடங்கியது. அதைத் திருப்பிவிடும் அமைப்பு விண்டோஸில் இல்லை, அவுட்லுக்கின் ஆப்ஷன்ஸ் பகுதிக்குள் இருக்கிறது.

இவ்வளவு மாற்றங்களுக்கும் ஈடுகொடுத்து நிற்பது பழுது தேடும் வரிசை. முதலில் இணையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து முகவரியை நகலெடுத்து உலாவியில் ஒட்ட வேண்டும்; அங்கும் திறக்காவிட்டால் முகவரி உடைந்தது அல்லது காலாவதியானது. திறந்தால், அஞ்சலுக்கு வெளியே ஓர் ஆவணத்திலிருந்தோ ரன் பெட்டியிலிருந்தோ அதே முகவரியைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே தடைபட்டால் இயங்குதளத்தின் இயல்பு உலாவியை மறுபடி தேர்வதும், நீக்கிய உலாவியின் மிச்சத்தைத் துடைப்பதும் தீர்வு. அங்கே திறந்து அஞ்சலில் மட்டும் திறக்காவிட்டால், மின்னஞ்சல் நிரலின் சொந்த அமைப்பைத்தான் திருத்த வேண்டும். உலாவியை நீக்கி மறுபடி நிறுவுவது இந்த வரிசையின் கடைசிப் படி. பலரும் அதைத்தான் முதலில் செய்து நேரத்தை வீணாக்குகிறார்கள்.