வீட்டில் உடற்பயிற்சி: கருவி வாங்குவதற்கு முன்

ஜிம்மிற்குப் போகலாமே என்று கேட்டால், எங்கள் பகுதிகளில் கிடைக்கும் பதில்கள் வேறு மாதிரியானவை. செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு முன்பின் தெரியாதவர்கள் முன்னால் தரையில் அமர மனம் வராது. சட்டையைக் கழற்றினால் தழும்புக்குக் கதை சொல்ல வேண்டும். கணவரை இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் பெண் மாலையில் ரவுணுக்குப் போய்வந்தால் அதுவே ஊருக்குப் பேச்சாகிவிடும். ஆகவே வீட்டிலேயே செய்வோம் என்ற முடிவு நியாயமானது. அதற்குப் பெரிய செலவு செய்ய வேண்டுமா என்பதே கேள்வி.

பெரும்பாலும் வேண்டாம் என்பேன். வெளிநாட்டு உறவினர் காசு அனுப்பினால் முதலில் நினைவுக்கு வருவது ட்ரெட்மில். இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு ஏறக்குறைய 550 சதுர அடிதான். ட்ரெட்மில்லுக்கும், தவறி விழுந்தால் அடிபடாமல் அதன் பின்னால் விட வேண்டிய வெற்றிடத்துக்கும் ஓர் அறையே போய்விடும். கரையோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. மின்சாரப் பாவனை கூடக்கூட அலகின் விலையும் ஏறும். 2022இல் ரூபாய் சரிந்த பிறகு இறக்குமதிப் பாகங்களின் விலையைச் சொல்லவே தேவையில்லை. செயற்கைக் காலோடு ஓடும் பட்டியில் ஏறுவது, பழகாதவருக்கு ஆபத்தும்கூட. வளவும் ஒழுங்கையும் இருக்கின்றன, நடக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கமும், குறைந்தது 2 நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகளையும் அது சேர்த்தே சொல்கிறது. தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவருக்கும் சைக்கிளில் வேலைக்குப் போய்வருபவருக்கும் முதற்பகுதி அநேகமாக நிறைவேறிவிடும். வீட்டில் ஏற்பாடு தேவைப்படுவது இரண்டாவதற்கு.

அதற்கு ஒரு பாய் விரிக்கும் இடமும் உறுதியான கதிரையும் போதும். தண்ணீர் நிரப்பிய 5 லீற்றர் கான் 5 கிலோ; ஒன்றரை லீற்றர் போத்தலில் மணல் நிரப்பினால் 2 கிலோவுக்கு மேல் வரும். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டினால் இழுவைப் பட்டி. வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், அறுந்தால் கண்ணில் அடிக்கும். தொங்குவதற்குக் குழாய் பூட்ட விரும்புபவர்கள் பொள்ளல் கல்லால் கட்டிய சுவரை நம்ப வேண்டாம். வளவில் நல்ல வேம்பு நின்றால் அதன் கிளை மேல். மூன்று மாதம் விடாமல் செய்த பிறகும் பாரம் போதவில்லை என்றால், அப்போது இரும்பு வாங்கலாம்.

காயப்பட்டவர்களுக்குக் கணக்கு வேறு. முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர் நெடுநேரம் கதிரையில் இருந்தால் இடுப்பு மூட்டு மடங்கியபடி இறுகிவிடும். பாயில் குப்புறப் படுத்திருப்பதே அவருக்கு ஒரு பயிற்சி. செயற்கைக் காலோடு பயிற்சி செய்தால் முடிந்ததும் கழற்றி வியர்வையைத் துடைத்து, தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். நீரிழிவும் இருந்தால் மற்றப் பாதத்தையும் சேர்த்துப் பாருங்கள். செல் துண்டு உடலில் தங்கியிருப்பவர், அந்த இடத்தில் புதிதாக வலியோ விறைப்போ தோன்றினால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள், குறிப்பாக நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ காயப்பட்டவர்கள், தாமாகத் தொடங்கக் கூடாது. பலருக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது. வெயிலில் உடற்சூடு ஏறிக்கொண்டே போகும். காலை நிழலில் செய்வதே நல்லது. திடீரென்று கடும் தலையிடி வந்து முகம் சிவந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கலாம். படுக்க வைக்காமல் நிமிர்த்தி இருத்துங்கள். சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்த்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

மாவட்ட வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்குப் போகும்போது ரியூப்பையும் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். எந்த அசைவு, எத்தனை தடவை என்று அவற்றை வைத்தே செய்து காட்டச் சொல்லிக் கேட்கலாம்.