கொழுந்தின் கலமும் புரதத்தின் இருப்பிடமும்

உயிர்க்கலம் ஒன்றினுள்ளே பல்லாயிரம் வகைப் புரதங்கள் உள்ளன. அவை கலமெங்கும் ஒன்றாய்க் கலந்து கிடப்பதில்லை. சில கருவிலும், சில குழியவுருவிலும், சில இழைமணிகளிலும், தாவரமாயின் வேறு சில பச்சையவுருமணிகளிலும் தத்தமக்குரிய இடத்தில் அமைந்துள்ளன. எந்தப் புரதம் எங்கே உறைகின்றது என்னும் வினா இருபதாம் நூற்றாண்டின் உயிரிரசாயன அறிஞரை நெடுங்காலம் ஆட்கொண்டிருந்தது. அவ்வினாவின் வரலாற்றிலே இலங்கைத் தேயிலைக் கொழுந்துக்கும் ஓரிடம் உண்டு. அதனைத் தெல்தோட்டை மலைகளிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

தெல்தோட்டையை அடுத்துள்ள லூல்கந்துரத் தோட்டத்தில், ஸ்கொத்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெயிலர் 1867 ஆம் ஆண்டு 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார். இரண்டு ஆண்டுகளின் பின் கோப்பிப் பயிரை நோய் தாக்கவே, இச்சிறு முயற்சி நாட்டின் பொருளாதாரத்தையே தாங்கும் தொழிலாக வளர்ந்தது. தொடக்கத்தில் டெயிலரின் வீட்டு விறாந்தையே தொழிற்சாலையாயிருந்தது. கொழுந்து மேசைமீது இடப்பட்டு, மணிக்கட்டு முதல் முழங்கை வரையான கைப்பகுதியால் அழுத்தி உருட்டப்பட்டது. பின்னர் களிமண் அடுப்பிலே கரியனலின் மேல் கம்பித் தட்டுகளில் வைத்து உலர்த்தப்பட்டது. மலையகத் தோட்டங்களின் உழைப்பாளர் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாக வந்தோர். டெயிலரின் பெயரை வரலாறு போற்றுகின்றது. கொழுந்தை உருட்டிய கைகளுக்குரியோரின் பெயர்களை அது பேணவில்லை.

அக்கைகள் செய்த தொழில் யாது? இளங்கொழுந்தின் உலர்நிறையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு பொலிபீனோல்கள் எனப்படும் பொருள்களாகும். இவற்றுள் தலையாயவை கற்றெக்கின்கள். அவை கலத்தின் புன்வெற்றிடத்துள் அடைபட்டிருக்கின்றன. அவற்றை ஒட்சியேற்றவல்ல நொதியமாகிய பொலிபீனோல் ஒட்சிடேசு பிறிதோரிடத்தில் உறைகின்றது. இரண்டுக்கும் இடையே மென்சவ்வு நிற்கும் வரையில் இலை பச்சையாகவே இருக்கும். வாட்டும்போது அச்சவ்வு தளர்கின்றது. உருட்டும்போது அது கிழிகின்றது. சாறும் நொதியமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் ஒன்றுசேர, இலை செப்பு நிறம் பெற்று மணக்கத் தொடங்குகின்றது. உரிய நேரத்தில் சூடேற்றினால் நொதியம் செயலிழந்து மாற்றம் நின்றுவிடும். பச்சைத் தேயிலை செய்வோர் முதலிலேயே சூடேற்றி நொதியத்தைச் செயலறச் செய்வதும் இக்காரணம் பற்றியேயாம். ஆகவே, கலத்தின் அறைகளைப் பிரிக்கும் சுவரைத் திட்டமிட்டு உடைப்பதே கறுப்புத் தேயிலைத் தொழிலின் அடிப்படை எனலாம்.

இம்மாற்றத்துக்கு நொதித்தல் என்னும் பெயர் வழங்கிற்று. கள்ளும் மாவும் புளிப்பது போல நுண்ணுயிர்களால் இதுவும் நிகழ்கின்றது என்னும் எண்ணத்தின் எச்சமே அப்பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலையிலேயே உள்ள நொதியமே இதற்குக் காரணம் என்பது தெளிவாயிற்று. ஆனால் எந்த நொதியம் என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. 1930களின் இறுதியில் அசாமின் தொக்லாய் ஆய்வு நிலையத்தார் சைட்டோகுரோம் ஒட்சிடேசே காரணமாகலாம் எனக் கருதினர். இலங்கையிலோ 1925 ஆம் ஆண்டு நிறுவப்பட்டுப் பின்னர் தலவாக்கலையில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில், லாம்ப், சிறீரங்காச்சார் ஆகியோர் இதனை ஆராய்ந்தனர். 1943 இல் சிறீரங்காச்சார் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, செம்பைக் கொண்ட பொலிபீனோல் ஒட்சிடேசே அந்நொதியம் என்னும் கருத்தை வலியுறுத்திற்று. சயனைட்டு இவ்விரு நொதியங்களையும் தடுக்கும். ஆதலின் தடைப்பொருள் ஒன்றை மாத்திரம் கொண்டு இவற்றை வேறுபடுத்துவது எளிதன்று.

இக்கருத்து வேறுபாடு பெயரளவில் நின்றதன்று என்பது சில ஆண்டுகளிலேயே புலனாயிற்று. 1890 இல் அல்ட்மன் விவரித்த நுண்மணிகளுக்கு 1898 இல் பெண்டா மைற்றோகொண்ட்ரியா என்று பெயரிட்டார். இவையே தமிழில் இழைமணிகள் எனப்படுகின்றன. எனினும் அவற்றின் தொழில் நெடுங்காலம் விளங்கவில்லை. நியூயோர்க்கில் அல்பேட் குளோட் ஈரலை அரைத்து, மையநீக்கப் பொறியில் வெவ்வேறு வேகங்களில் சுழற்றி, கலத்தின் பகுதிகளைப் பாரத்துக்கேற்பப் பிரித்தார். அவரும் ஹோகபூம், ஹொட்ச்கிஸ் ஆகியோரும் 1946 இல், சைட்டோகுரோம் ஒட்சிடேசு பெரிய நுண்மணிகளோடு சேர்ந்து வருவதைக் காட்டினர். 1949 இல் கென்னடி, லெனிஞ்சர் ஆகியோர் உணவின் சக்தியைப் பயன்படும் வடிவாக்கும் தாக்கங்கள் இழைமணியிலேயே நிகழ்வதை நிறுவினர். இதற்கிடையில், 1947 இல் கலிபோர்ணியாவில் லீ, பொனர் ஆகியோர் தேயிலையின் பொலிபீனோல் ஒட்சிடேசு பச்சையவுருமணியைச் சார்ந்திருப்பதாகக் கண்டனர். ஒன்று இழைமணிக்குரியது, மற்றையது பச்சையவுருமணிக்குரியது. நொதியம் எது என்னும் வினா, அது எங்கே உள்ளது என்னும் வினாவாக விரிந்தது.

எனினும் இவ்விரண்டாம் வினா எளிதில் முடிவுறவில்லை. 1967 இல் தலவாக்கலையில் விக்கிரமசிங்கவும் உடன் ஆய்வாளரும், இலையின் மேற்றோற் கலங்களில் அந்நொதியம் மிகுந்திருப்பதாக எழுதினர். மேற்றோற் கலங்களிலோ பச்சையவுருமணிகள் பொதுவாக அருகியே காணப்படும். இவ்வேறுபாட்டை எண்ணும்போது முறைபற்றிய சிக்கலொன்று முன்னிற்கின்றது. ஆய்வுகூடத்தில் கொழுந்தை அரைத்தவுடன் தொழிற்சாலையில் நிகழ்வதே அங்கும் நிகழ்கின்றது. புன்வெற்றிடத்துப் பீனோல்கள் வெளிவந்து புரதங்களைப் பற்றித் தோல் பதனிடுவது போல் இறுகச் செய்கின்றன. இறுகிய புரதம் அருகிலுள்ள எந்தத் துணிக்கையோடும் ஒட்டிக்கொள்ளக்கூடும். ஒரு துணிக்கையோடு காணப்பட்ட புரதம் உயிருள்ள இலையிலும் அங்கேயே இருந்தது எனத் துணிய இயலாது. பீனோல்களை அகற்றும் உத்திகள் வளர்ந்த பின்னரே இத்துன்பம் குறைந்தது. 1964 இல் சாண்டர்சன் கொழுந்து நுனியிலிருந்து இந்நொதியத்தைக் கரையும் நிலையில் பிரித்தெடுத்தமை இவ்வகையில் முக்கியமானது. உடைப்பதால் பொருள் இடம்பெயரும். இடம்பெயர்ந்ததையே இயல்பிடம் எனக் கொள்ளலாகாது. இழைமணி ஆராய்ச்சிக்கும் இவ்வெச்சரிக்கை முற்றாகப் பொருந்தும்.

கலம் தானே புரதங்களை எவ்வாறு பங்கிடுகின்றது என்பதற்குப் பின்னைய ஆய்வுகள் விடை தந்தன. இழைமணிக்குச் சொந்த மரபுப்பொருள் சிறிதளவு உண்டு. 1981 இல் முழுமையாக வாசிக்கப்பட்ட மனித இழைமணி மரபுப்பொருள் 13 புரதங்களுக்கு மட்டுமே குறிப்பைக் கொண்டுள்ளது. இழைமணியிலுள்ள ஏனைய ஆயிரத்துக்கு மேற்பட்ட புரதங்களுக்கான குறிப்பு கருவிலுள்ளது. அவை குழியவுருவில் ஆக்கப்பட்டு, தம்முள்ளேயே உள்ள முகவரி போன்ற குறியினால் உரிய இடத்தை அடைகின்றன. புரதங்கள் இவ்வாறு குறிதாங்கிச் செல்கின்றன என்னும் கொள்கையை நிறுவியமைக்காக குந்தர் புளோபெல் 1999 இல் நோபல் பரிசு பெற்றார். தேயிலையின் பொலிபீனோல் ஒட்சிடேசும் கருவின் குறிப்பின்படி ஆக்கப்பட்டுப் பச்சையவுருமணியை நோக்கி அனுப்பப்படுவதே. சில புரதங்களுக்கு முகவரி இரண்டு. பட்டாணியின் குளுத்தாதயோன் ரிடக்டேசு பச்சையவுருமணி, இழைமணி ஆகிய இரண்டினுள்ளும் செல்வது 1995 இல் அறியப்பட்டது. இடம் தவறுவதும் பொருளற்றதன்று. இழைமணியிலிருந்து சைட்டோகுரோம் சி வெளியேறுதல் விலங்குக் கலத்தின் திட்டமிட்ட இறப்பைத் தூண்டும் என்பது 1996 இல் வெளிப்பட்டது.

இவ்வரலாற்றை நோக்குமிடத்து, தேயிலைத் தொழிற்சாலையும் ஆய்வுகூடமும் ஒரே செயலையே செய்துவந்துள்ளன என்பது தெளிவாகும். இரண்டும் கலத்தை உடைக்கின்றன. ஒன்று பிரிந்திருப்பவை கலக்கவேண்டும் என்று உடைக்கின்றது. மற்றையது கலவாதிருக்கவேண்டும் என்று அஞ்சி உடைக்கின்றது. எவ்வளவு அழுத்தினால் இலை கசியும், எந்த நிறத்தில் அடுப்பிலிட வேண்டும், எந்த மணம் எழுந்தால் காலம் கடந்துவிட்டது என்பன, நொதியத்தின் பெயர் அறியப்படுமுன்பே கையாலும் கண்ணாலும் மூக்காலும் தேறி அறியப்பட்டவை. இரசாயனம் அவ்வறிவுக்குக் காரணம் கூறிற்று, அவ்வறிவைத் தோற்றுவிக்கவில்லை. கலத்தினுள்ளே ஒவ்வொரு புரதத்துக்கும் உரிய இடத்தைத் தேடிக் குறித்துவைத்த அறிவியல் வரலாறு, லூல்கந்துர விறாந்தையில் கொழுந்து உருட்டியோருக்கும் உரிய இடத்தைக் குறித்துவைத்தலே முறையாகும்.