அளவு ஜாக்கெட் யாருடையது? – நம் பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் எடுத்த கதை

காரைக்குடியில டெய்லர் கடைக்குப் போனா முதல் கேள்வியே, "அளவு ஜாக்கெட் கொண்டு வந்தீங்களா?" என்பதுதான். அளவுக்குக் கொடுத்தது யாரோடதோ, தைச்சு வர்றது அவங்களுக்குத்தான் பொருந்தும். இன்னைக்குப் பேசப்போறது மூளையைப் பத்தி. ஆனா இந்த ஜாக்கெட்டை ஞாபகம் வச்சுக்கோங்க.

மூளை ஆராய்ச்சிக்கும் ஒரு அளவு வேணும். ஆளுக்கு ஆள் தலை வேறு. நூறு பேரின் ஸ்கேனை ஒப்பிட வேண்டுமானால், எல்லாவற்றையும் ஒரு பொது வரைபடத்தில் பொருத்த வேண்டும். அதற்கு டெம்ப்ளேட் என்று பேர். 1988-ல் தலைராக், துர்னூ என்ற இருவர் வெளியிட்ட புகழ்பெற்ற அட்லஸ், 60 வயது பிரெஞ்சுப் பெண்மணி ஒருவரின் மூளையை வைத்து வரையப்பட்டது. பிறகு கனடாவின் மான்ட்ரியலில் 152 இளம் வயதினரின் ஸ்கேன்களைச் சேர்த்து ஒரு சராசரி வரைபடம் உருவாக்கினார்கள். உலகம் முழுக்க மென்பொருள்களில் அதுவே டீஃபால்ட் ஆனது. நான் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். டீஃபால்ட்டை யாரும் அவ்வளவு சீக்கிரம் மாத்த மாட்டாங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும்.

சரி, பிள்ளைகள் இதுக்குள்ள எப்படி வந்தாங்க? எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான். அதனால் நோயில்லாத குழந்தையையும் சில வருட இடைவெளியில் திரும்பத் திரும்பப் படம் எடுக்க முடிந்தது. 1999-ல் அமெரிக்காவில் ஜே கீட் குழு 145 பிள்ளைகளின் ஸ்கேன்களை ஆராய்ந்து ஒரு விஷயம் சொன்னது: நெற்றிப் பக்கத்து மூளையின் சாம்பல் நிறப் பகுதி, பெண் பிள்ளைகளுக்கு 11 வயது வாக்கிலும் பையன்களுக்கு 12 வயது வாக்கிலும் உச்சம் தொட்டு, அப்புறம் குறைகிறது. அதாவது பத்து வயசுல மூளை முடிஞ்சுபோன கட்டடம் இல்லை. பூச்சு வேலை இன்னும் நடந்துக்கிட்டிருக்கு.

ஆனா அது அமெரிக்கப் பிள்ளைகளின் கணக்கு. நம்ம கணக்கு? பெங்களூரு நிம்ஹான்ஸின் விவேக் பெனகலும் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் குன்டர் ஷூமனும் தலைமை தாங்கிய சி-வேதா ஆய்வு அதற்காகத்தான் வந்தது. பெங்களூரு, மைசூரு, ரிஷிவேலி, சண்டிகர், கொல்கத்தா, இம்பால் ஆகிய ஊர்களில் மொத்தம் ஏழு மையங்கள். 6 முதல் 23 வயது வரை சுமார் 9,000 பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு எம்.ஆர்.ஐ. தமிழ்நாட்டில் மையம் எதுவும் இல்லை.

எம்.ஆர்.ஐ.ன்னா சும்மா இல்ல. தோடு, கொலுசு, தாயத்து எல்லாத்தையும் கழட்டணும். குழாய்க்குள்ள தனியாப் படுக்கணும். தடதடன்னு சத்தம். தலை கொஞ்சம் அசைஞ்சாலும் படம் கலங்கிடும். ஆறு வயசுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய காரியம்!

பலன் வந்தது. 2020-ல், சி-வேதா பிள்ளைகளின் ஸ்கேன்களும் சேர்ந்த 466 பேரின் படங்களிலிருந்து, 6 முதல் 60 வயது வரை ஐந்து வயதுப் பிரிவுகளுக்கு இந்திய டெம்ப்ளேட்டுகள் வெளியாயின. நமக்குன்னு ஒரு அளவு ஜாக்கெட். 2023-ல் இன்னொரு ஆய்வு, 1,014 பேரை வைத்து: உடம்பில் ஆர்சனிக் கூடுதலாக இருந்தவர்களுக்குச் சாம்பல் நிறப் பகுதி சில இடங்களில் குறைவாக இருந்தது, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறனும் குறைவாக இருந்தது. இது தொடர்பு மட்டும்தான், ஆர்சனிக்தான் காரணம்னு நிரூபணம் ஆகிடல. ஆனா குடிக்கிற தண்ணி, சாப்பிடுற சோறு பத்தின கேள்வி அது. வெளிநாட்டுப் பிள்ளைகளை மட்டும் ஸ்கேன் எடுத்திருந்தா இந்தக் கேள்வியை நம்ம ஊருக்காக யார் கேட்டிருப்பாங்க?

இப்போ என்னை உறுத்துற விஷயம். ஐ.சி.எம்.ஆர்.-ன் 2017 வழிகாட்டு நெறிகளின்படி பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது. 7 முதல் 12 வயதுப் பிள்ளையிடம் வாய்மொழியாகவும், 12 முதல் 18 வரை எழுத்திலும் இசைவு வாங்க வேண்டும். விதி நல்ல விதி. ஆனா நம்ம வீட்டுல பெரியவங்க "போய்ட்டு வாடா"ன்னா எந்தப் பிள்ளை மாட்டேன்னு சொல்லுது? பயத்தை முழுங்கிக்கிட்டு "சரிங்க சார்"னு சொல்றது சம்மதமா? மாட்டேன்னு சொன்னாலும் யாரும் கோபப்பட மாட்டாங்கன்னு அந்தப் பிள்ளை நம்பணும். அப்பதான் அது சம்மதம்.

எங்க ஊர்ல சிக்ரி ஆய்வுக்கூடத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அறிவியலுக்குக் கொடுத்தவர் பேர் இன்னைக்கும் ஊர் முழுக்க இருக்கு. குழாய்க்குள்ள அசையாமப் படுத்துக் கொடுத்த பிள்ளைங்க பேர் எங்கயும் இருக்காது. அவங்க அந்தரங்கத்தைக் காப்பாத்த அப்படித்தான் இருக்கணும். அதனால, உங்க பிள்ளைகிட்ட யாராவது இப்படிக் கேட்டு வந்தா, நீங்க பதில் சொல்றதுக்கு முன்னாடி பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. மாட்டேன்னு சொன்னா விட்டுடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.